சாம்பலைக் குறை சொல்லும் முன் தண்ணீரைக் கவனியுங்கள்: உள்ளாட்சிப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு ஊராட்சி ஒன்றியங்களிலும் நகராட்சிகளிலும் கட்டுமானப் பணிகளை மேற்பார்வையிடும் பொறியாளர்களுக்கு வணக்கம்.

அனல்மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் நடக்கும் கட்டுமானங்களில் நிலக்கரிச் சாம்பல் சார்ந்த பொருட்களைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2021 டிசம்பர் 31 அறிவிக்கை. மேட்டூர், வடசென்னை, நெய்வேலி, தூத்துக்குடி என்று வட்டம் போட்டால் மாநிலத்தின் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். ஆனால் தளம் கசிந்தாலோ மேற்பரப்பு பொடிந்தாலோ பழி முழுவதும் சிமென்டில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கான்கிரீட்டில் கலக்கும் சாம்பல் தலையில்தான் விழுகிறது. தவறு பெரும்பாலும் கலக்கும் இடத்திலும், போட்ட கான்கிரீட்டை ஈரமாக வைத்து நீராட்டும் இடத்திலும் நடக்கிறது.

முதலில் சிமென்ட் மூட்டையைப் பாருங்கள். பி.பி.சி. (சாம்பல் கலந்தே வரும் சிமென்ட்) என்று அச்சிட்டிருந்தால் அதில் 15 முதல் 35 சதவீதம் சாம்பல் ஏற்கெனவே இருக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 களத்தில் சாம்பல் சேர்க்க இடம் தருவது ஓ.பி.சி. என்ற சாதாரண சிமென்டுக்கு மட்டுமே. 30 சதவீதம் சாம்பல் உள்ள பி.பி.சி.யில் இன்னொரு 30 சதவீதத்தைக் கழித்துச் சாம்பலைப் போட்டால், மிஞ்சும் அசல் சிமென்ட் 49 சதவீதம்தான்.

ஓ.பி.சி.யில் 30 சதவீத மாற்று என்றால் 50 கிலோ மூட்டைக்குச் சுமார் 21 கிலோ சாம்பல். சிமென்டும் சாம்பலும் சேர்ந்த எடைக்கு நீர் விகிதம் 0.45 என்றால் அந்த 71 கிலோவுக்குத் தண்ணீர் 32 லிட்டர். மணலின் ஈரமும் இந்தக் கணக்கில் அடக்கம்: 110 கிலோ எம்-சாண்டில் 4 சதவீத ஈரம் இருந்தாலே சுமார் 4.4 லிட்டரைக் குறைக்க வேண்டும். சாம்பலைப் பாண்டுச் சட்டியால் அளக்க விடாதீர்கள். அது சிமென்டைவிட லேசானது, காற்றடைத்து உப்பும், அளவு ஒவ்வொரு முறையும் மாறும். தராசு வேண்டும்.

இனி நீராட்டம். சிமென்ட் நீரோடு சேரும்போது வெளிவரும் சுண்ணாம்போடுதான் சாம்பலிலுள்ள சிலிக்கா வினைபுரிகிறது. அது மெதுவான வினை. ஈரம் போனால் நின்றுவிடும். அதனால்தான் ஓ.பி.சி.க்கு 7 நாள் என்று சொல்லும் ஐ.எஸ். 456, சாம்பல் கலந்ததற்கு 10 நாள் கேட்கிறது. வறண்ட வெப்பக் காலத்தில் 14 நாள். நம் ஊர்க் கோடையில் 14 நாளே பொருத்தம். ஐந்தாம் நாள் தண்ணீரை நிறுத்திய தளத்தில் முதலில் காய்வது மேற்பரப்பு. அங்கே சாம்பல் வெறும் தூசாகவே தங்கிவிடும். ஆணியால் கீறினால் சாம்பல் நிறப் பொடி உதிரும். கம்பியை மூடிக் காக்க வேண்டிய கான்கிரீட் படலம் (மூடுகனம்) இதுதான். வலிமை பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்பும் கான்கிரீட் கனசதுரமோ 28 நாளும் தொட்டியில் ஊறியது, தேறிவிடும். அந்தச் சான்று கலவைக்குத்தான், தளத்துக்கு அல்ல.

தளத்துக்குப் பாத்தி கட்டுங்கள். தூணுக்கு ஈரச்சாக்கைச் சுற்றி, அது காயாமல் நனையுங்கள். காலையும் மாலையும் குழாயைப் பீய்ச்சிவிட்டுப் போவது நீராட்டம் ஆகாது.

தளத்தைத் தாங்கும் முட்டு பிரிப்பதிலும் இதே கவனம் தேவை. தாங்கிகளுக்கு இடையே 4.5 மீட்டர் வரையிலான தளத்துக்கு 7 நாள் என்ற ஐ.எஸ். 456 அட்டவணை ஓ.பி.சி.க்கானது, சாம்பல் கலவையின் 7 நாள் வலிமை அதைவிடக் குறைவாகவே இருக்கும். தளத்தின் பக்கத்திலேயே, தளத்தைப் போலவே நீராட்டிய கனசதுரங்களை உடைத்துப் பார்த்த பிறகு பிரிக்கச் சொல்லுங்கள்.

சாம்பல் வந்த இடமும் முக்கியம். மின்நிலையப் புகையிலிருந்து மின்வடிகட்டியில் பிடித்த உலர் சாம்பல்தான் வேண்டும். சாம்பல் குட்டையில் அள்ளியது சிமென்டுக்கு மாற்றாகாது. சாம்பலுக்கான தர விதி ஐ.எஸ். 3812 பகுதி 1 சான்றில் நுண்மை (துகள்களின் மொத்தப் பரப்பு) கிலோவுக்கு 320 சதுர மீட்டருக்குக் குறையாமலும், எரியிழப்பு (சூடாக்கினால் எரிந்துபோகும் பங்கு) 5 சதவீதத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். எரியாத கரி மிகுந்தால் கலவையை இளக்கச் சேர்க்கும் வேதிப்பொருளை அது உறிஞ்சிவிடும். கலவை இறுகும், மேஸ்திரி தண்ணீரை ஊற்றிவிடுவார். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். மேட்டூர்ச் சாம்பலுக்கு வடிவமைத்த கலவையை அதற்கு அப்படியே போடாதீர்கள்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. நீராட்டச் செலவு கான்கிரீட் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும்வரை ஒப்பந்ததாரர் முதலில் சிக்கனம் பிடிப்பது அதில்தான். சாம்பல் கலந்த பணிகளின் மதிப்பீட்டில் 14 நாள் நீராட்டத்தைத் தனி இனமாக எழுதுங்கள். அளவுப் புத்தகத்தில் நாள்வாரியாகக் குறித்து, செய்த நாட்களுக்கு மட்டும் பணம் கொடுங்கள்.