பட்டனை வெட்டாமல் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்துவிட்டால் உங்கள் பத்திரிகையில் ஒரு செய்தி தவறாமல் வரும். போகிக்குப் பழைய துணி, டயர், பிளாஸ்டிக் எதையும் எரிக்காதீர்கள், தூய்மைப் பணியாளர்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று மாநகராட்சி கேட்டுக்கொள்ளும். விமான நிலையத்திலிருந்தும் தனியாக ஒரு வேண்டுகோள் வரும். நாங்கள் இருப்பது அனகாபுத்தூரில். விமானம் இறங்கும் சத்தத்தில் டிவி வசனம் பாதி காதில் விழாது. 2018 போகியன்று காலையில் அந்தச் சத்தமே இல்லை. புகையில் ஓடுபாதை தெரியாமல் வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். எங்கள் தெருவில் எதிர்வீட்டுக் கோலம்கூடத் தெரியவில்லை.

எரிக்காதீர்கள் என்று சொல்வது சரி. எரிக்க எடுத்து வைத்த துணியை என்ன செய்வது, எப்படிக் கொடுப்பது என்று யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. முப்பத்திரண்டு வருடமாகத் தையல் மெஷின் மிதிக்கிறேன். அதற்கும் முன்பிருந்தே பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வீட்டுக்கு வேண்டியதை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறேன். தைப்பவள், வாங்குபவள் என்ற இரண்டு உரிமையிலும் எழுதுகிறேன்.

சந்தையைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை விடிந்ததும் பழைய டிரங்க் ரோட்டில் தார்ப்பாய் விரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். செடி, புறா, மீன் தொட்டி, கழற்றிய கதவு, ஜன்னல், கீபோர்டு, மிக்ஸி ஜார் மூடி, ஜோடி தொலைந்த ஷூ வரை எல்லாம் தரையில் கிடக்கும். துணியைக் குவியலாகக் கொட்டியிருப்பார்கள். ஏழு மணிக்குள் போனால் நல்லதாகப் பார்த்து எடுக்கலாம். பத்து மணிக்கு மேல் வெயில் ஒரு பக்கம், கூட்டத்துக்குள் பைக்கை ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஒரு பக்கம்.

பழைய சாமான் பார்க்க எனக்குக் கண் பழகியது மூர் மார்க்கெட்டில். அப்பா கூட்டிப்போவார். வேண்டிய பொருளை முதலில் தொடாதே, பக்கத்தில் இருப்பதை எடுத்து விலை கேள் என்பார். 1985 மே 30-ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தபோது அப்பா இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. இப்போது அந்த இடத்தில் சென்ட்ரல் புறநகர் ரயில் நிலையம். அங்கே ரயில் ஏறும்போதெல்லாம் எனக்கு ஒரு கிளிக்கூண்டுக் கடை ஞாபகம் வரும். சரி, அது வேறு கதை.

எங்கள் கல்யாணம் 1989-இல். தனிக்குடித்தனம் வந்தபோது ஒரு ரூமும் ஒரு பாயும்தான் இருந்தன. பம்ப் ஸ்டவ், தகரப் பெட்டி, டேபிள் ஃபேன், ஆட்டுக்கல் எல்லாம் பல்லாவரம் சந்தையில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையாகச் சேர்ந்தவை. எவர்சில்வர் தூக்கு ஒன்று வாங்கினோம். மூடியில் "கி.ம. – ல. திருமணம், 9.9.84" என்று பெயர் வெட்டியிருந்தது. யார் என்று எங்களுக்குத் தெரியாது. அந்தத் தூக்கில்தான் என் கணவர் பதினேழு வருடம் கம்பெனிக்குச் சோறு கொண்டுபோனார். செப்டம்பர் ஒன்பதாம் தேதி வந்தால், "இன்னிக்கு நம்ம தூக்குக்காரங்களுக்குக் கல்யாண நாள்" என்பார். எங்கள் கல்யாண நாளை மறந்திருக்கிறார், அதை மறந்ததில்லை.

ஏமாந்ததும் உண்டு. ஒரு முறை மிக்ஸி வாங்கினேன். கடைக்காரர் சொருகிக் காட்டினார், நன்றாகச் சுற்றியது. வீட்டில் இட்லிப் பொடி அரைக்கப் போட்டதும் காயில் கருகி வீடெல்லாம் நாற்றம். காலி ஜாரில் எந்த மிக்ஸியும் சுற்றும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதிலிருந்து கையில் ஒரு பிடி அரிசி எடுத்துக்கொண்டு போவேன். குக்கர் என்றால் அடி உப்பியிருக்கிறதா என்று தரையில் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். காஸ்கெட்டும் சேஃப்டி வால்வும் எப்படியும் புதிது மாற்றத்தான் வேண்டும், அந்தக் காசையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுவேன். மெத்தை, தலையணை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மூட்டைப்பூச்சி வந்தால் வீட்டையே மாற்ற வேண்டும். செல்போன் பக்கம் போவதில்லை. பில் இல்லாத போனை வாங்கிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தவர்களை எனக்குத் தெரியும்.

துணிக்கு வருகிறேன். சட்டையை எடுத்தால் எல்லோரும் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள். நான் காலரைத் தூக்கி மடிப்பைப் பார்ப்பேன், அப்புறம் அக்குள். காலர் மடிப்பில் மட்டும் நைந்திருந்தால் பயப்பட வேண்டாம். தையலைப் பிரித்து, காலரைத் திருப்பி வைத்துத் தைத்தால் நைந்த பக்கம் உள்ளே போய்விடும். சட்டைக்கு இன்னும் இரண்டு வருட ஆயுள். அந்தக் காலத்தில் தையல் கடைகளில் இது சாதாரண வேலை. இப்போது கேட்டு வருகிறவர்கள் குறைவு. அக்குளில் துணியே இற்றிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுவேன். பேண்ட் என்றால் கால் முனையைத் திருப்பி, உள்ளே எவ்வளவு மடிப்பு விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். வளருகிற பையனுக்கு அந்த இரண்டு அங்குலம்தான் அடுத்த வருடம். வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணீரில் உப்புப் போட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, துவைத்து, நல்ல வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டால் போதும்.

இந்தக் கடிதத்துக்குக் காரணமானது, போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைக்கு வந்த ஒரு பெண். மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர். பையன் ஒன்பதாம் வகுப்பு. அரசுப் பள்ளியில் சத்துணவுப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு நான்கு செட் சீருடை கொடுக்கிறார்கள், ஆனால் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாவதில் பையனும் திடீரென்று வளர்கிறான், சட்டையும் நின்றுவிடுகிறது. சந்தையில் தேடி, அதே நிறத்தில் இரண்டு சட்டை வாங்கி வந்திருந்தார். ஒன்று நாற்பது ரூபாய். துணி நல்ல கனம், சாயம் போகவில்லை, காலர் புதிதுபோல இருந்தது. விரித்துப் பார்த்தால் ஒரு பட்டன்கூட இல்லை.

பட்டன் உதிர்ந்திருந்தால் நூல் நீட்டிக்கொண்டு இருக்கும். இவை கத்திரியால் வெட்டப்பட்டவை. நூலை வெட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பட்டனைப் பிடித்து இழுத்து, அடியோடு துணியையும் சேர்த்து வெட்டியிருந்தார்கள். பட்டன் பட்டியில் வரிசையாக ஆறு ஓட்டை, ஒவ்வொன்றும் ஒரு உளுந்து அளவு. கைப்பட்டியில் இரண்டு. இதில் வெறுமனே பட்டன் தைக்க முடியாது. பட்டியைப் பிரித்து, உள்ளே கேன்வாஸ் கொடுத்து, ஓட்டையை மூடி அடித்து, அதன்மேல் பட்டன் வைக்க வேண்டும். ஒரு சட்டைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அந்தப் பெண்ணிடம் பட்டன் காசு மட்டும் வாங்கினேன். வேறு எங்காவது போயிருந்தால் சட்டை வாங்கிய காசுக்கு மேல் கூலி கேட்டிருப்பார்கள், தப்பு சொல்ல முடியாது.

ஏன் வெட்டுகிறார்கள் என்று என் வாடிக்கைக்காரர்களிடம் விசாரித்தேன். ஒருவர், பட்டன் எப்போதாவது உதவுமே என்றார். அவர் வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பட்டன் இருக்கிறதாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதிலிருந்து எத்தனை எடுத்துத் தைத்தீர்கள் என்று கேட்டேன், சிரித்துவிட்டார். இன்னொரு அம்மா, உடுத்திய துணியை முழுசாகக் கொடுத்தால் உடுத்தியவருக்கு ஆகாது, கொஞ்சம் கிழித்துக் கொடுக்க வேண்டும் என்று மாமியார் சொல்லிக் கொடுத்ததாகச் சொன்னார். பெரியவர்கள் நம்பிக்கையோடு நான் சண்டைக்குப் போகவில்லை. ஆகாது என்று தோன்றினால் உள் மடிப்பில் ஒரே ஒரு நூலை உருவி வைத்துக்கொள்ளுங்கள். சட்டையை விட்டுவிடுங்கள்.

அடுத்தவர் உடுத்தியதைத் தொடக் கூடாது என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தவுடன் எதில் சுற்றினீர்கள்? தாத்தாவின் நைந்த வேட்டியைத்தானே தேடினீர்கள்? தொட்டில் போடும் நாள் வரைக்கும் புதுத்துணி கூடாது, பழைய துணிதான் மெத்தென்று இருக்கும், அதிலும் ஆயுசாக வாழ்ந்தவர் துணியாக இருந்தால் விசேஷம் என்று எந்த வீட்டுப் பாட்டியும் சொல்வாரே. தூளி கட்டியதும் பழைய புடவையில்தான்.

என் மகள் இதில் ஒரு தினுசு. சந்தையில் நான் பேத்திக்கு வாங்கிய ஸ்வெட்டரைத் தொடக்கூட இல்லை. போன வாரம் போனால் குழந்தை புது கவுனில் இருக்கிறது. அவள் இருக்கும் அடுக்குமாடியில் வாட்ஸ்அப் குழு இருக்கிறதாம், எட்டாவது மாடிக் குழந்தைக்குச் சின்னதாகிப்போனதை முந்நூறு ரூபாய்க்கு எடுத்தாளாம். பழசுதானே என்றேன். "அம்மா, அது ப்ரீ-லவ்ட்" என்றாள். பெயரை மாற்றினால் தோஷம் போய்விடும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

போகிக்கு முன்பெல்லாம் கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், ஓட்டை முறம் எரித்தார்கள். கோரையும் ஓலையும் சாம்பலாகிப் போகும். இப்போது வாசலில் வந்து விழுவதெல்லாம் பாலியஸ்டர். பருத்தியா கலப்பா என்று தெரியாவிட்டால் நாங்கள் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்போம். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை வரும், சாம்பல் உதிரும். பாலியஸ்டர் என்றால் கறுப்புப் புகையோடு உருகிச் சுருண்டு, கடுகு மாதிரி ஒரு கெட்டி மணியாக நிற்கும். கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். ஒரு நூலுக்கே அப்படி. மூட்டை மூட்டையாகக் கொளுத்தும் தெருவில் இளைப்பு வந்த பிள்ளைகள் என்ன செய்யும்? என் மாமனார் தறிக்காரர். அனகாபுத்தூரில் அப்போது தெருவெல்லாம் தறிச் சத்தம் கேட்கும். இங்கே நெய்த மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நைஜீரியா வரை போனது. போகியன்று காலையில் யாராவது துணியை நெருப்பில் போட்டால் அவர் வாசலில் நிற்க மாட்டார், உள்ளே போய்விடுவார்.

அதனால் உங்கள் வாசகர்களிடம் கேட்பது இதுதான். உடுத்தும் நிலையில் இருப்பதைத் துவைத்து, மடித்து, பட்டன், ஜிப், கொக்கி, நாடா எல்லாவற்றோடும் கொடுங்கள். தெருவில் வரும் பழைய துணிக்காரம்மாவிடம் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்குப் போட்டாலும் சரிதான்; நல்லது சந்தைக்கு வந்துவிடும், கிழிந்த பருத்தி மெக்கானிக் ஷெட்டுக்கு வேஸ்ட் துணியாகப் போகும். இரண்டையும் ஒரே மூட்டையில் திணிக்காதீர்கள். ஈரத்தோடு கட்டாதீர்கள், இரண்டே நாளில் கரும்புள்ளி விழுந்துவிடும், பிறகு எந்தச் சோப்புக்கும் போகாது. பட்டுப் புடவையை மட்டும் அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். பழைய ஜரிகையில் வெள்ளி இருக்கும், எடை போடுகிறவரிடம் விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

மாநகராட்சிக்கும் ஒரு வார்த்தை. போகிக்கு வாங்கும் துணியைக் குப்பை வண்டியில் மற்றதோடு கொட்டினால் அரை மணி நேரத்தில் அது குப்பைதான். துணிக்கென்று தனிச் சாக்கு ஒன்று வண்டியின் பக்கவாட்டில் தொங்கவிட்டால் போதும். சாக்கு தைக்க ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தையல் கடைக்கார அம்மா,
அனகாபுத்தூர்.

பின்குறிப்பு: 9.9.84 அன்று கல்யாணமான கி.ம., ல. இருவரில் யாராவது உங்கள் வாசகராக இருந்தால், தூக்கு நன்றாக இருக்கிறது என்று தெரிவித்துக்கொள்கிறேன். கைப்பிடி மட்டும் ஒரு தடவை மாற்றினோம்.