பங்க் லண்டன்ல பொறக்கல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வேகமா கரடுமுரடா வாசிக்கிற ராக் வகையான பங்க் இசை பத்தி நம்ம பத்திரிகைங்கள்ல எப்ப எழுதுனாலும் 1976, லண்டன், செக்ஸ் பிஸ்டல்ஸ் பேண்டுனுதான் ஆரம்பிக்கிறாங்க. அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே நியூயார்க்ல இத ஆரம்பிச்சு வச்ச நியூயார்க் டால்ஸ் பேண்ட பத்தி ஒரு வரி கூட இருக்கறதில்ல, அது ரொம்ப நாளா உறுத்துது, அதான் எழுதுறேன்.

1971ல சேந்த பசங்க. கிட்டாரிஸ்ட் சில்வெய்ன் சில்வெய்ன் வேலை பாத்த துணிக்கடைக்கு எதிர்ல பொம்மை ரிப்பேர் பண்ற கடை ஒன்னு இருந்துச்சு, பேண்ட் பேரு அங்கேருந்து வந்ததுதான். உதட்டுல லிப்ஸ்டிக், கால்ல ஹை ஹீல்ஸ், பொம்பளைங்க டிரஸ்ஸு, ஆனா பாட்டு மட்டும் வேகமா கரடுமுரடா சட்டுனு முடிஞ்சிரும், ராக்னாலே நீள நீளமா சோலோ வாசிக்கிறதுனு இருந்த காலம் அது. 1972ல மெர்சர் ஆர்ட்ஸ் சென்டர்ல செவ்வாய்க்கிழமை ராத்திரி இவங்க வாசிச்சாலே கூட்டம் கூடும். அந்த வருஷமே லண்டன் போன எடத்துல டிரம்மர் பில்லி முர்சியா செத்துட்டாரு, வயசு 21, ஒரு ஆல்பம் கூட வரல.

1973ல வந்த முதல் ஆல்பம் அமெரிக்காவோட பில்போர்டு ஆல்பம் தரவரிசைல 116வது எடத்த தாண்டல. க்ரீம்ங்கிற அமெரிக்க ராக் பத்திரிகையோட வாசகர்கள் ஓட்டு போட்டு அந்த வருஷத்தோட சிறந்த புது பேண்டும் இவங்கதான், மோசமான புது பேண்டும் இவங்கதான்னு சொன்னாங்க, எனக்கு இத விட பெரிய பாராட்டு தெரியல. அடுத்த வருஷம் வந்த ரெண்டாவது ஆல்பம் இன்னும் கம்மியா வித்துச்சு, கம்பெனி கைவிட்டுருச்சு.

1975ல, பின்னாடி செக்ஸ் பிஸ்டல்ஸுக்கு மேனேஜரான மால்கம் மெக்லாரன் லண்டன்லேருந்து வந்து மேனேஜர் மாதிரி கூட இருந்தாரு, எல்லாருக்கும் செவப்பு லெதர் மாட்டி பின்னாடி கம்யூனிஸ்ட் கொடிய தொங்க விட்டாரு, எடுபடல. புளோரிடா டூர்ல இன்னொரு கிட்டாரிஸ்ட் ஜானி தண்டர்ஸும், முர்சியாவுக்கு அப்புறம் வந்த டிரம்மர் ஜெர்ரி நோலனும் விலகிட்டாங்க. மெக்லாரன் ஊருக்கு திரும்பறப்ப சில்வெய்னோட வெள்ளை லெஸ் பால் கிட்டாரையும் கொண்டு போனாரு, செக்ஸ் பிஸ்டல்ஸ்ல ஸ்டீவ் ஜோன்ஸ் கையில இருந்தது அந்த கிட்டார்தான் சார். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

எனக்கு ரொம்ப புடிச்சவரு பாஸ் கிட்டாரிஸ்ட் ஆர்தர் கேன். பேண்ட் உடைஞ்சதுக்கப்புறம் குடி, வறுமைன்னு கெடந்து, மார்மன்ங்கிற கிறிஸ்தவ பிரிவோட சர்ச்ல சேந்து, லாஸ் ஏஞ்சலஸ்ல அந்த சர்ச்சோட குடும்ப வரலாறு லைப்ரரில வேலை பாத்தாரு. 1973ல பிபிசில இவங்க வாசிச்சப்ப நிகழ்ச்சி நடத்துனவரே நக்கலடிச்சாரு, ஆனா அத டிவில பாத்து கிறுக்கு புடிச்சுப்போன மான்செஸ்டர் பையன் ஒருத்தன் இவங்க ரசிகர் மன்றத்தையே நடத்துனான், அவருதான் பின்னாடி தி ஸ்மித்ஸ் பேண்ட்ல பாடுன மாரிஸி. அவரு கூப்பிட்டுதான் 2004 ஜூன்ல உயிரோட இருந்த மூணு பேரும் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால்ல திரும்ப சேந்து வாசிச்சாங்க. ஒரு மாசம் கூட ஆகல, கேனுக்கு லுகேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய்னு கண்டுபிடிச்ச கொஞ்ச நேரத்துலயே போயிட்டாரு.

சில்வெய்ன் 2021ல போனாரு, பாடகர் டேவிட் ஜோஹான்சன் 2025 பிப்ரவரில, பழைய ஆளுங்கள்ல அவருதான் கடைசி. பெரிய ராக் கலைஞர்கள கௌரவிக்கிற ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு 2021, 2022னு அடுத்தடுத்து நாமினேட் ஆகியும் உள்ள சேக்கல. நீங்களாவது உங்க ஞாயிறு இணைப்புல இவங்களுக்கு ஒரு முழு பக்கம் ஒதுக்குங்க சார், அந்த முதல் ஆல்பத்துலேருந்து ஆரம்பிச்சு எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி