பூதக் கதையைத் தடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 மார்ச் 28 அன்று மியான்மரின் மாண்டலே, சகாயிங் பகுதிகளைக் குலுக்கிய 7.7 அளவு நிலநடுக்கத்தில் 3,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதில் பாட்டியைப் பறிகொடுத்த எட்டு வயதுப் பையன் ஒருவன் யாங்கோனில் எங்கள் ஞாயிறு தமிழ் வகுப்புக்கு வருகிறான். நோட்டில் அவன் வரைவது எப்போதும் ஒரே பூதம்தான்: மண்ணுக்கடியில் படுத்திருக்கும், முதுகெல்லாம் சிவப்பு முள். பாட்டி அதற்குத் தினமும் சோறு ஊட்டித் தூங்க வைக்கிறாராம். அதனால் இனி பூமி ஆடாதாம். வீட்டில் "பொய் பேசாதே" என்று அதட்டுகிறார்கள்.

தயவுசெய்து அதட்டாதீர்கள். தன்னால் தடுக்க முடியாமல் போனதைக் கதைக்குள் இழுத்து, அங்கே அதைத் தன் சொல்லுக்கு அடங்க வைக்கிறான் அந்தப் பிள்ளை. பாட்டியையும் கூடவே வைத்துக்கொள்கிறான். பதின்வயதுப் பிள்ளைகள் மாயக் கதைகளில் மூழ்குவதிலும் பல நேரம் இந்தத் தேவைதான் இருக்கிறது. தூக்கமும் சாப்பாடும் கெட்டு, விளையாட விளையாடப் பயம் கூடினால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

பேரிடர் பகுதிகளில் யுனிசெஃப் குழந்தைகளுக்கென்றே விளையாட்டு இடங்கள் அமைக்கிறது. நம் தமிழ் வகுப்புகளிலும் அரை மணி நேரம் வரையவும் கதை சொல்லவும் விடலாமே. இலக்கணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ் வகுப்பு ஆசிரியை,
யாங்கோன்