முதல் செமஸ்டரைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி முதல்வர்களுக்கும், முதலாண்டுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-இல் பொறியியலுக்கும் வந்த பிறகு, அங்கே தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் நிறையப் பேர் கவுன்சலிங் வழியாக உங்களிடம் வருகிறார்கள். இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடுகிறது. ஆனால் அவர்களில் பலர் முதல் செமஸ்டர் கணக்கிலேயே தேறாமல் அரியர் வைத்துவிட்டு, ‘எனக்கு இன்ஜினியரிங் வராது’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மாலை நேரத்தில் அவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இந்தப் பிள்ளைகளுக்கு அடிப்படை இல்லை என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பன்னிரண்டாம் வகுப்பிலேயே அணிகளின் நேர்மாறு கண்டவர்கள், காஸ் நீக்கல் முறையில் சமன்பாடுகளைத் தீர்த்தவர்கள். கல்லூரியில் வரும் ஐகன் மதிப்பு அதற்கு அடுத்த படிதான். ஒரு மாணவி தன் வகுப்பு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஐகன் மதிப்பைக் குறிக்கும் லாம்டாவில் ஒரு முப்படிச் சமன்பாடு, அதில் எஸ்1, எஸ்2, எஸ்3, அடுத்த வரியில் விடை. பலகையில் இருந்ததை ஒரு புள்ளி விடாமல் எழுதியிருக்கிறாள். எஸ்1 எங்கிருந்து வந்தது என்று மட்டும் தெரியவில்லை. அணியின் மூலைவிட்ட உறுப்புகளிலிருந்து லாம்டாவைக் கழித்து, வரும் அணிக்கோவையை முழுசாக விரித்துப் பார் என்றேன். விரித்தாள். முதலில் இருந்த அணியின் மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதல் எஸ்1 ஆகவும், அதே அணியின் அணிக்கோவை மதிப்பு எஸ்3 ஆகவும் தானாக வந்து நின்றன. “இவ்வளவுதானா மிஸ்?” என்றாள். அடுத்த கணக்கை என்னைக் கேட்காமலே போட்டாள்.

வகுப்பில் அவள் ஏன் இதைக் கேட்கவில்லை? எழுந்து நின்று ஆங்கிலத்தில் கேட்க வேண்டும் என்ற பயம். தேர்வை ஆங்கிலத்தில் எழுதட்டும், அதற்கு அவர்கள் பழகித்தான் ஆக வேண்டும். சந்தேகத்தைத் தமிழில் கேட்கலாம் என்று முதல் நாளே நீங்கள் வாய்திறந்து சொல்லிவிடுங்கள். சொல்லாதவரை அனுமதி இல்லை என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

முதல்வர்களிடம் கேட்க வேண்டியது வேறு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரை முதலாண்டுக்கு அனுப்பிவிட்டு, அனுபவசாலிகளை மூன்றாம், நான்காம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் பல கல்லூரிகளில் இருக்கிறது. தலைகீழாக இருக்க வேண்டிய ஏற்பாடு இது. பிள்ளை எந்த வரியில் தடுக்கி விழுவான் என்பது இருபது வருஷம் பாடம் எடுத்தவருக்குத்தான் முன்கூட்டியே தெரியும். அப்புறம், அறிமுகப் பயிற்சி என்று வகுப்பு தொடங்கும்போது சில வாரங்கள் ஒதுக்குகிறீர்கள். அதில் சிறப்பு விருந்தினர் உரைகளைக் கொஞ்சம் குறைத்து, பிளஸ் டூ கணக்கையும் ஆங்கிலப் பாடப்புத்தகம் வாசிப்பதையும் இணைக்கிற வகுப்பாக நடத்தலாம்.

தனி வகுப்பை மாலை ஐந்து மணிக்கு வைத்துவிட்டு, ‘யாருமே வருவதில்லை’ என்று குறைப்படுவதிலும் நியாயம் இல்லை. கல்லூரி பஸ் நாலரைக்கே கிளம்பிவிட்டால், ஊருக்குப் போக அடுத்த வண்டி இல்லாதவன் எப்படி இருப்பான்? டைம் டேபிளுக்குள்ளேயே வாரம் இரண்டு பீரியடு கொடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது கல்லூரியே நடத்தும் முதல் இன்டர்னல் தேர்வின் விடைத்தாளை. செமஸ்டர் தேர்வு நெருங்கும்போது அது கைக்கு வந்தால் மதிப்பெண்ணைப் பார்த்துக் கலங்குவதைத் தவிர அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு வாரத்துக்குள் திருத்திக் கொடுத்தால், தவறைச் சரிசெய்ய செமஸ்டரில் இன்னும் நாள் மிச்சம் இருக்கும். பெரிய சிவப்புச் சுழி வேண்டாம்; எந்த வரியில் பிசகியது என்று அந்த வரியில் ஒரு கோடு போதும். தோற்றவர்களை துறைத்தலைவர் (ஹெச்.ஓ.டி.) அறை வாசலில் நிற்க வைப்பது, அப்பாவைக் கூட்டிவரச் சொல்வது எல்லாம் வேண்டாம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் அந்த மனிதர் அங்கே எந்தக் கணக்கைச் சொல்லித்தர முடியும்?

முதல் அரியர் தனியாக நிற்பதில்லை. இரண்டாம் செமஸ்டர் தாள்களோடு அதையும் சேர்த்து எழுத வேண்டும். கடைசியில் அரியர் இருப்பவர்களைக் கேம்பஸ் இன்டர்வியூவுக்கே பல நிறுவனங்கள் கூப்பிடுவதில்லை.

இந்த ஆண்டு முதல் இன்டர்னல் முடிந்ததும், விடைத்தாள் எந்தத் தேதியில் திரும்பி வரும் என்று அறிவிப்புப் பலகையில் போடுங்கள். இதற்குச் செலவும் இல்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை