திருவிருந்தின்போது எழுந்து போய்விடும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உன் கடிதத்தை இரண்டு பேரும் படித்தோம். சபைப் பணத்தில் கை வைத்ததை நீயே குருவானவரிடம் ஒப்புக்கொண்டு, பொருளாளர் பொறுப்பை விட்டு விலகி, கடைசித் தவணை வரை திருப்பிக் கட்டிவிட்ட பிறகும், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து தொடங்கும் நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவதாக எழுதியிருக்கிறாய். குருவானவர் வற்புறுத்தி அழைத்தும், இது நீ உனக்கே விதித்துக்கொண்ட தண்டனை என்று சொல்லிவிட்டாயாம். அதைப்பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தை நீ ஆதாரமாகக் காட்டுகிறாய். அபாத்திரமாய், அதாவது தகாத விதமாய், புசிக்கிறவனைப் பற்றிய வசனத்தோடு நிறுத்திவிட்டாய். அடுத்த வசனம், “எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்” என்கிறது. பவுல் அங்கே கண்டித்தது, ஏழைச் சகோதரர் பசியோடு காத்திருக்க, வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்று குடித்ததை. செய்த பாவத்துக்காக அழுகிற ஒருவனை மேசையிலிருந்து விரட்டுவதற்காக அவர் அதை எழுதவில்லை.

இந்தக் கேள்வி சபைக்குப் புதிதும் அல்ல. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவன் என்பதால், பிரசங்கத்துக்குப் பதில் வட ஆப்பிரிக்காவிலிருந்த கார்த்தேஜ் பட்டணத்தின் கதையைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். கி.பி. 250இல் ரோமப் பேரரசர் டேசியஸ், எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறவேண்டும் என்று கட்டளையிட்டார். எகிப்தில் அப்படிப்பட்ட சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. எப்போதும் பலியிட்டே வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் கண்முன் பலியிட்டு அந்தப் பலிப்பொருளைச் சுவைத்தேன் என்று அவற்றில் எழுதியிருக்கிறது. கார்த்தேஜில் பல கிறிஸ்தவர்கள், யாரும் பிடித்து இழுப்பதற்கு முன்பே தாமாக ஓடிப்போய்ப் பலியிட்டார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோதும், இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சியவர்கள் உண்டு என அங்கே பேராயராக இருந்த சிப்ரியான் வேதனையோடு எழுதியிருக்கிறார். வேறு சிலர் பலியிடாமல், காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். சிப்ரியானோ ஊரை விட்டு மறைந்திருந்தார். அதற்காக அவரைக் குறை சொன்னவர்களும் இருந்தார்கள்.

ஆபத்து தணிந்தபின், இப்படி விசுவாசத்தை மறுதலித்தவர்கள் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். ரோமிலிருந்த நொவாத்தியான் என்ற குரு, இவர்களைத் தேவன் மன்னிக்கட்டும், சபை சேர்த்துக்கொள்ளக்கூடாது என்றான். கார்த்தேஜிலோ, விசுவாசத்துக்காகச் சிறையிருந்தவர்களிடம் சிபாரிசுச் சீட்டு வாங்கிக்கொண்டு, மறுநாளே பந்தியில் உட்காரப் பார்த்தவர்களும் இருந்தார்கள். 251இல் கார்த்தேஜில் கூடிய பேராயர்களின் சங்கம் இரண்டுக்கும் இணங்கவில்லை. சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்ளவும், பலியிட்டவர்கள் மனந்திரும்புதலில் நிலைத்திருந்தால் மரணத் தறுவாயிலாவது அவர்களுக்குச் சமாதானம் கொடுத்துச் சபையில் சேர்த்துக்கொள்ளவும் தீர்மானித்தார்கள். கறாரான தீர்ப்புதான், அது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

அதன்பின் நடந்ததுதான் உனக்கானது. இன்னொரு துன்புறுத்தல் வரப்போகிறது என்ற அறிகுறி தெரிந்ததும், சிப்ரியானும் மற்ற பேராயர்களும் மறுபடி கூடி, பலியிட்டுவிட்டு அன்றுமுதல் சபையை விட்டு அகலாமல் அழுதுகொண்டிருந்தவர்களை உடனே சேர்த்துக்கொள்ள முடிவு செய்தார்கள். கர்த்தருடைய பாத்திரத்தை இவர்களுக்கு மறுத்துவிட்டு, இரத்தசாட்சியின் பாத்திரத்தில் பானம்பண்ண, அதாவது விசுவாசத்துக்காக உயிரைக் கொடுக்க, இவர்களை எப்படி ஆயத்தப்படுத்த முடியும் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஒருமுறை தோற்றவன் அடுத்த சோதனையில் நிற்பதற்கு அந்த மேசையின் பெலன் தேவை என்று கண்டார்கள். நீ அதை நன்னடத்தைக்குக் கொடுக்கும் பரிசாக நினைத்து, இன்னும் சம்பாதிக்கவில்லையே என்று வெளியே நிற்கிறாய். கடன் தொல்லையும் கையில் புழங்கும் பணமும் நாளைக்கே உன்னை மறுபடி சோதிக்கலாம். அப்போது எதைக்கொண்டு நிற்பாய்?

சேர்த்துக்கொண்டார்களே தவிர, எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மறுதலித்த குருமார் சபைக்குள் திரும்பியபோது சாதாரண விசுவாசிகளாகவே சேர்க்கப்பட்டார்கள். ஊழியப் பதவி அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இயேசுவை அறியேன் என்று மறுதலித்த பேதுருவுக்கு ஊழியம் திரும்பக் கிடைத்ததே என்று நீ கேட்பாய். உண்மைதான், ஆனால் “என் ஆடுகளை மேய்ப்பாயாக” என்று சொன்னவர் உயிர்த்தெழுந்த கர்த்தர். திபேரியாக் கடற்கரையில் மற்றச் சீஷர்களும் இருக்கும்போது, மூன்று தரம் கேட்டுவிட்டுச் சொன்னார். அந்தப் பேதுருவும் பிற்பாடு அந்தியோகியாவில், எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடத்திலிருந்து வந்தவர்களுக்குப் பயந்து, யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகிக்கொண்டு, பவுலிடம் முகமுகமாய்த் திட்டு வாங்கினார். அதற்காக அவரை யாரும் அப்போஸ்தலர் கணக்கிலிருந்து நீக்கவில்லை.

ஆகையால் சபைக் கணக்கை மறுபடி உன்னிடம் ஒப்படைக்க யாராவது முன்வந்தால், மரியாதையோடு மறுத்துவிடு. அது தண்டனையாக இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. திருவிருந்தை விலக்கும் தீர்ப்பை மட்டும் நீயே எழுதிக்கொள்ளாதே. அந்த அதிகாரம் சபைக்கு உண்டு. உன் சபையோ உன்னை வா என்று அழைத்துக்கொண்டிருக்கிறது. சபையார் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருக்கும். சிலர் உன்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார்கள், சிலர் வேண்டுமென்றே குசலம் விசாரிப்பார்கள். இரண்டையும் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும், அவர்கள் காணிக்கை போட்ட பணமல்லவா?

வருகிற திருவிருந்து ஞாயிறுக்கு முன்பாகக் குருவானவரைத் தனியாகப் போய்ப் பார். மருமகளையும் கூட்டிக்கொண்டு போ, அவளும் இந்த மாதங்களில் உன்னோடு சேர்ந்து வெட்கப்பட்டிருக்கிறாள். அவர் என்ன சொன்னார் என்பதை அன்றைக்கே அம்மாவுக்குப் போன் செய்து சொல். மத்தியானத்தில் கூப்பிட்டால் நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அப்பா