சதுரங்க மன்ற ஆட்டங்களையும் அச்சிடுக

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2024இல் குகேஷ் உலகச் சதுரங்கப் பட்டம் வென்றதை முதல் பக்கத்தில் கொண்டாடிய நாளிதழ்கள், மாவட்டத்து மன்ற வீரர்களின் ஆட்டங்களுக்கு ஒரு மூலைகூடத் தருவதில்லை.

அண்மையில் பாளையங்கோட்டையில் அத்தகைய ஓர் ஆட்டத்தைக் கண்டேன். இருவருக்கும் ஒவ்வொரு யானை. வெள்ளைக்கு மட்டும் ஐந்தாம் வரிசையில் ஒரு சிப்பாய் மிச்சம். கறுப்பு ராஜா அதன் வழியை மறித்து நின்றது. கறுப்பு தன் பக்கத்து மூன்றாம் வரிசையில் (வெள்ளைக்கு அது ஆறாம் வரிசை) யானையை நிறுத்தி வெள்ளை ராஜாவை முன்னேற விடாமல் தடுத்து, சிப்பாய் அவ்வரிசைக்கு வந்தவுடன் யானையை எதிர்க்கோடிக்கு அனுப்பிப் பின்னாலிருந்து செக் வைத்துக்கொண்டே இருந்தால் ஆட்டம் சமன். 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் காட்டிய வழி இது. கறுப்பில் ஆடிய இளைஞர் கடிகாரத்தைப் பார்த்துப் பதறி, காலத்துக்கு முன்பே அவ்வரிசையை விட்டுவிட்டார்; வெள்ளை ராஜா உள்ளே நுழைந்தது, சில நகர்த்தல்களில் ஆட்டம் கைநழுவிப் போயிற்று. நன்றாக ஆடிய பிள்ளை என்பதால் எனக்கு மனம் ஆறவில்லை.

இளம் ஆட்டக்காரர்கள் தங்கள் பிழைகளை அடையாளம் கண்டுகொள்வது இத்தகைய ஆட்டங்களில்தான். நெடுநேர ஆட்டங்களில் நகர்த்தல்களை எழுதுவது விதிப்படி கட்டாயம் என்பதால் குறிப்புகள் வீரர்களிடமே இருக்கும். வாரம் ஓர் ஆட்டத்தைக் கட்டப்படத்துடனும் சுருக்கமான விளக்கத்துடனும் நெல்லைப் பதிப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பாளையங்கோட்டை