ஜெனரேட்டர் ஓடும் வீடுகளுக்கு

ஆசிரியருக்கு,

வெள்ளத்தின்போது மின்வாரியம் முன்கூட்டியே மின்சாரத்தை நிறுத்துவது சரிதான். தெருவோர மின்பெட்டியில் தண்ணீர் ஏறினால் உயிர் போகும். ஆனால் அந்த நேரத்தில் ஜெனரேட்டர் ஒயரைச் சுவர் பிளக்கில் செருகுகிறார்களே, அது கொடுமை! அந்த 230 வோல்ட் தெருக்கம்பிக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் பின்னோக்கி ஏறி 11,000 வோல்ட் வரை உயரலாம். கம்பத்தில் இருப்பவர் லைன் செத்துவிட்டதாக நம்பித்தான் கை வைக்கிறார். மெயினை இறக்கினால் போதும் என்பார்கள், ஒருநாள் மறந்தால்? வீட்டு ஒயரிங்கின் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் தெரு லைனிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்குச் சேர்த்து மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம் வேண்டும்.

தேங்கிய நீரில் நின்று மெயினைத் தொடாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை (94987 94987) அழைத்து, கம்பத்திலேயே துண்டிக்கச் சொல்லுங்கள். நனைந்த மீட்டர் பெட்டி வெளியே காய்ந்திருந்தாலும், எலக்ட்ரீஷியன் சோதிக்கும்வரை மெயினைப் போட வேண்டாம்.

மின்பணியாளர்கள் சிலர்,
வேளச்சேரி, சென்னை